காட்டில் ஓர் இரவு

"ஃபாதர், இந்த வருஷம் ஏலகிரி, ஏற்காடுன்னு ஹோட்டல் வேண்டாம். காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்கலாமே!"

விடுமுறை நெருங்கும்போது நம் பங்குகளின் இளையோர் கூட்டங்களில் இப்படி ஒரு குரல் எழுவது உண்டு. வீட்டுக்குப் போனதும் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் நமக்குத் தெரிந்தவையே. "காட்டுல பாத்ரூம் இருக்குமா? கரண்ட் இருக்குமா? குடிக்கத் தண்ணி?" இந்த மூன்றுக்கும் ஒரே பதில்தான்: இருக்காது. எதுவும் இல்லாத இடத்தில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பதுதான் அந்தப் பயணத்தின் பொருளே.

இளையோரின் ஆசை நல்லது. பெற்றோரின் அச்சமும் நியாயமானது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் சரியான முடிவுக்கு வர முடியும். எனவே காட்டு முகாம் என்பது என்ன, அதற்கு என்ன ஆயத்தம் வேண்டும், அது நமக்கு எதைக் கற்றுத் தருகிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

எளிய முகாம் என்றால் என்ன?

மலையடிவாரத்தில் கட்டிலும் மெத்தையும் போட்ட கூடாரங்களை வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்திலேயே குளியலறை, மின்விளக்கு, இரவு உணவு எல்லாம் உண்டு. அது துணியால் கட்டிய ஹோட்டல் அறை, அவ்வளவே. நாம் இங்கே பேசுவது வேறொன்று. மரங்களுக்கு நடுவே சிறியதாக ஒரு சமதரை. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை, கடை இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. வேண்டியதையெல்லாம் முதுகில் சுமந்து போக வேண்டும். போட்ட குப்பையையும் அதே முதுகில் சுமந்து திரும்ப வேண்டும்.

இது நமக்குப் புதிதுபோலத் தோன்றலாம். ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள மண்ணுக்கு இது மிகப் பழைய பழக்கம். 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கு நடந்த அகழாய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள்! பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே குடியம் என்ற இடத்தில் காட்டின் நடுவே பெரிய பாறைக் குகைகள் உள்ளன. அங்கும் கற்கால மனிதரின் கருவிகள் கிடைத்திருக்கின்றன. பாறையின் கீழ் ஒதுங்கி இரவைக் கழித்தவர்கள் நம் முன்னோர். சென்னைக்கு அருகில் உள்ள முதல் முகாம் எது என்று கேட்டால் அந்தப் பாறையைத்தான் காட்ட வேண்டும்.

சிறுவர்களுக்கான முகாம் என்ற எண்ணத்துக்கும் நம் ஊரோடு தொடர்பு உண்டு. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களை வைத்து பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. அந்த இயக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் இல்லாதிருந்த நாட்களில், அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அடையாறில் அவர் பெயர் கொண்ட சாலையில் சாரணர் முகாம் மைதானம் ஒன்று இருப்பதை அவ்வழியே போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

குரங்கணி சொல்லும் பாடம்

காட்டு முகாமைப் பற்றிச் சென்னையில் பேசும் எவரும் ஒரு நாளை மறந்துவிட்டுப் பேச முடியாது. அது 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை.

தேனி மாவட்டம் போடிக்கு அருகே உள்ள குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு மலையேறச் சென்றிருந்தது சென்னையைச் சேர்ந்த ஒரு குழு. பெண்கள் தினத்தையொட்டி ஏற்பாடான பயணம் என்பதால் அதில் பெண்களே அதிகம். சனிக்கிழமை ஏறி, இரவு மேலே கூடாரத்தில் தங்கி, மறுநாள் இறங்கினார்கள். ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து வந்த மற்றொரு குழுவும் அதே மலையில் இருந்தது. இறங்கும் வழியில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மருத்துவமனையில் பல நாட்கள் போராடி இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள்; வாரம் முழுதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரண்டு நாள் மலைக்காற்று வாங்கப் போனவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள்.

ஏன் தப்ப முடியவில்லை? மார்ச் மாதத்தில் மலைச்சரிவின் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். சமவெளியில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கித் தீ வேகமாக ஏறும். அனல் மேலே எழுந்து, அடுத்துள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. காற்றும் சேர்ந்துகொண்டால் ஓடுகிறவரின் கால்களைவிடத் தீயின் கால்கள் விரைவானவை. புகையில் வழி தெரியாது. பழக்கமில்லாத மலையில் பயந்து ஓடுகிறவர் பள்ளத்தில் விழுவார். இத்தகைய நேரத்தில் மேல்நோக்கி ஓடாமல், புல் இல்லாத பாறைப் பரப்பையோ ஏற்கெனவே எரிந்து தணிந்த தரையையோ தேடிப் பக்கவாட்டில் விலக வேண்டும் என்பது காடறிந்தவர்கள் சொல்லும் வழி. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல அந்த மலையை அறிந்த ஒருவர் கூட இருக்க வேண்டுமே!

குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. குடியம் குகைப் பாதையும் அவற்றில் ஒன்று. காட்டோரக் கிராமங்களையும் பழங்குடி மக்களையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். தீ அபாயம் மிகுந்த காலம் என்பதால் 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இப்பாதைகள் மூடப்பட்டன.

எங்கே தங்கலாம்?

இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. காடு அரசுடையது, எனவே எல்லாருடையது, எங்கும் கூடாரம் அடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனவிலங்குச் சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. நம் அடையாறுக்கும் கிண்டிக்கும் நடுவே மான்கள் மேயும் கிண்டி தேசியப் பூங்காவும் அதே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது.

'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள் பெரும்பாலும் ஒரு நாளில் போய்த் திரும்புபவை. இரவு தங்கும் எளிய முகாமுக்கு ஓர் எடுத்துக்காட்டு, தமிழக எல்லையை ஒட்டிக் கேரளத்தில் உள்ள அதிருமலை. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைக்குப் போகிறவர்கள் போனக்காடு என்ற இடத்தில் தொடங்கி, நாள் முழுவதும் காட்டில் நடந்து அதிருமலையை அடைவார்கள். அங்கே வனத்துறையின் எளிய கொட்டகையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே அனுமதி. முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். மதுவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடமில்லை. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரி முதல் பெண்களும் போகிறார்கள்.

ஆகவே முதல் விதி இதுதான்: அனுமதி இல்லாத காட்டுக்குள் போக வேண்டாம். "எங்களுக்கு அங்கே ஓர் ஆளைத் தெரியும்" என்பது அனுமதி ஆகாது. நாம் காட்டுக்குள் இருக்கிறோம் என்பது வனத்துறைக்குத் தெரிந்தால்தான் ஆபத்து நேரத்தில் நம்மைத் தேடி வருவார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

ரங்கநாதன் தெருவில் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு கைகளும் கொள்ளாத அளவுக்கு வாங்கி வருகிறவர்கள் நாம். காட்டில் அது நடக்காது. பையின் எடை நம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பத்து கிலோ. அதில் தண்ணீரே மூன்று நான்கு கிலோ போய்விடும். மீதியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வதே முகாமின் முதல் பயிற்சி.

தண்ணீர்: நடக்கும் நாளில் ஆளுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் வேண்டும். ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. துணியில் வடிகட்டினால் தூசி போகும், கிருமி போகாது. நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் மூன்று நிமிடம்.

உணவு: புளிசாதம், சப்பாத்தி, அவல், கடலைமிட்டாய் ஆகியவை நம் பாட்டிமார் யாத்திரைக்குக் கட்டிக் கொடுத்தவை. இன்றும் அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. சமையல் நெருப்பைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. தீ மூட்ட அனுமதி உள்ள இடத்திலும், சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும். மீந்த உணவைக் குரங்குக்குப் போடுவது இரக்கம் அல்ல. மனிதரைக் கண்டால் உணவு கிடைக்கும் என்று பழகிய விலங்கு நாளை வேறொரு குழந்தையின் கையைப் பறிக்கும்.

கூடாரம்: வறண்ட ஓடையின் மணல் மெத்தைபோல் இருக்கும், அங்கே படுக்கத் தோன்றும். ஆனால் மலைமேல் மழை பெய்தால் நிமிடங்களில் வெள்ளம் வரும். காய்ந்த கிளைகளின் கீழும், யானைத் தடத்திலும், விலங்குகள் நீர் அருந்தும் இடத்துக்கு அருகிலும் கூடாரம் அடிக்கக் கூடாது. நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது.

கழிப்பறை: கேட்கக் கூச்சப்படும் கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நீர்நிலை, பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஒரு சாண் அளவுக்குக் குழி தோண்டி, பின்னர் மண்ணால் மூட வேண்டும். நாப்கின்களையும் காகிதங்களையும் ஒரு பையில் கட்டித் திரும்ப எடுத்து வர வேண்டும். பெண் பிள்ளைகள் வரும் குழுவில் இதை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

பாம்பு: வெறுந்தரையில் படுக்கவே கூடாது. கட்டுவிரியன் இரவில் நடமாடும், தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்தது பல நேரம் வலிக்காது. அடிப்பகுதி சேர்த்துத் தைத்த, ஜிப் உள்ள கூடாரம் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே தரப்படும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதில் பெரும்பங்கைத் தருவது, நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். காட்டை அறிந்த அந்த எளிய மக்களின் கைத்திறன் நாடெங்கும் உயிர்களைக் காக்கிறது.

திரும்பிய பின்: இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புதர்களில் உள்ள நுண்ணிய பூச்சிகளால் பரவும் 'ஸ்க்ரப் டைஃபஸ்' காய்ச்சல் தமிழகத்தில் பரவலாக உண்டு. உடலில் எங்காவது, சுட்ட புண் போல, கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கலாம். விரைவில் கண்டுபிடித்தால் எளிய மருந்தில் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இருட்டு தரும் வெளிச்சம்

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

நம் பிள்ளைகள் முழு இருட்டைப் பார்த்ததில்லை. பாண்டி பஜாரின் விளக்குகள் அணைவதற்குள் அவர்கள் உறங்கிவிடுகிறார்கள். மின்தடை வந்தால் இன்வெர்ட்டர்; அதுவும் போனால் செல்போன் வெளிச்சம். காட்டில் ஆறரை மணிக்கு இருட்டுகிறது. ஏழு மணிக்கு எதிரே இருப்பவர் முகம் தெரிவதில்லை. முதல் அரைமணி நேரம் பயம். பிறகு கண் பழகுகிறது. மேலே பார்த்தால், சென்னையில் விரல்விட்டு எண்ணக்கூடிய விண்மீன்கள் அங்கே வானம் கொள்ளாமல் கிடக்கின்றன. செல்போனுக்கு வேலை இல்லாததால் பேச்சு தொடங்குகிறது. ஆறு மாதமாக ஒரே பாடகர் குழுவில் நின்றவர்கள், அன்றைக்குத்தான் ஒருவர் வீட்டுக் கவலையை மற்றவர் கேட்கிறார்கள்.

இதை நன்கு அறிந்திருந்தார் ஒருவர். 1986 பிப்ரவரியில் நம் சென்னைக்கு வந்த திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், இளம் குருவாகப் போலந்தில் பணியாற்றிய நாட்களில் மாணவர்களோடு ஆறுகளிலும் காடுகளிலும் முகாமிட்டவர். குருக்கள் இளையோர் குழுக்களை நடத்த அன்றைய கம்யூனிச அரசு தடை விதித்திருந்தது. எனவே அவர் சாதாரண உடையில் போவார். மாணவர்கள் அவரை 'மாமா' என்றே அழைப்பார்கள். கவிழ்த்து வைத்த படகே திருப்பலிப் பீடம். 1958-இல் அவர் துணை ஆயராக நியமிக்கப்பட்ட செய்தி வந்தபோதும் அப்படியொரு படகுப் பயணத்தில்தான் இருந்தார். வார்சா சென்று பதவியை ஏற்பதாகச் சொல்லிவிட்டு, மீண்டும் இளையோரிடமே திரும்பினார்.

விரும்பாமல் வாழும் கூடாரங்கள்

கூடாரம் என்றதும் சாந்தோம், பட்டினப்பாக்கம் மக்களுக்கு வேறொரு நினைவு வரும். 2004 டிசம்பர் 26. சுனாமி வீட்டை எடுத்துச் சென்றபின் தார்ப்பாயின் கீழ் நாட்களைக் கழித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, மாடிவீட்டுக்காரர்களும் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் தவித்தார்கள். தண்ணீரை அளந்து குடிக்கவும், இருட்டில் பதறாமல் இருக்கவும், அயலாரோடு பகிர்ந்து உண்ணவும் அன்று தெரிய வேண்டியிருந்தது. முகாமில் பழகுவதும் இவற்றைத்தான்.

இலங்கையின் மன்னார்க் காட்டில் உள்ள மடு மாதா திருத்தலம் இன்னொரு சாட்சி. ஆகஸ்ட் திருவிழாவுக்கு வரும் குடும்பங்கள் மரநிழலில் கூடாரம் அடித்து, சமைத்து, நாட்கணக்கில் தங்குவது அங்கு நெடுநாள் வழக்கம். போர்க் காலத்தில் வீடிழந்த மக்கள் அடைக்கலம் தேடி வந்து, அதே மரங்களின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1999 நவம்பரில் திருத்தல வளாகத்தில் எறிகணைகள் விழுந்து அவர்களில் பலர் இறந்தார்கள். ஒரே நிலம், ஒரே கூடாரம். ஒருவர் விரும்பி வந்தார். மற்றவர் வேறு வழியின்றி வந்தார்.

இஸ்ரயேல் மக்கள் ஆண்டுதோறும் ஏழு நாட்கள் தழைகளால் வேய்ந்த கூடாரத்தில் தங்க வேண்டும் என்று லேவியர் நூல் (23:42-43) விதித்ததும் இதற்காகத்தான். வீடு கட்டிக் குடியேறிய பின்னும், வீடில்லாமல் நடந்த நாட்களை அவர்கள் மறந்துவிடக் கூடாது. ஒரு வாளித் தண்ணீருக்காக ஓர் இரவு தவித்த பிள்ளை, குடிசைப் பகுதியில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தாயை மறுநாள் வேறு கண்ணோடு பார்க்கும். அந்தப் பார்வை மாறாவிட்டால், நாம் காட்டுக்குப் போனது பொழுதுபோக்கு மட்டுமே.

எப்படித் தொடங்கலாம்?

நேரே மலைக்குப் போக வேண்டாம். முதல் முகாமைப் பங்கின் பள்ளி மைதானத்திலேயே நடத்துவோம். குழாயைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், விளக்கு இல்லை, செல்போன் ஆசிரியரிடம். யாருக்குக் கூடாரம் அடிக்கத் தெரியும், யார் இருட்டில் அழுவார்கள், யார் தம் சப்பாத்தியைப் பகிர்ந்து கொள்வார்கள் என்பது ஓர் இரவில் தெரிந்துவிடும். இரண்டாவதாக, வழிகாட்டியோடு குடியம் போன்ற ஒரு பகல்நேரப் பயணம். இரவு முகாம் அதற்குப் பிறகு வரட்டும். அதுவும் முறையான அனுமதியோடும், தீக்காலத்தைத் தவிர்த்தும், அந்தக் காட்டை அறிந்தவரின் துணையோடும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதி, பங்கு அலுவலகத்தில் ஒரு தாளும் வீட்டில் ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போவோம்.

விடியற்காலையில் கூடாரத்தைச் சுருட்டியதும், தங்கிய இடத்தை ஒருமுறை சுற்றி வருவது நல்ல முகாமின் கடைசி வேலை. ஒரு பிஸ்கட் உறைகூட மிஞ்சக் கூடாது. நாம் வந்து போன சுவடே தெரியாமல் புல் மீண்டும் நிமிர வேண்டும். அது வேறு பல உயிர்களின் வீடு; நாம் ஓர் இரவு விருந்தினர். விருந்தினராக இருக்கப் பழகிய பிள்ளைகளை, இந்தப் பூமியை நம்பி ஒப்படைக்கலாம். அவர்களை அப்படிப் பழக்கி, பத்திரமாக அழைத்துப் போய், பத்திரமாக வீடு சேர்ப்போம்.